காணிக்கையும் கடமையும்

ஸ்காபுரோவின் வடகிழக்கில், கனேடிய அரசு 1950களில் விளைநிலங்களைக் கையகப்படுத்தி, அளவான வருமானமுடைய குடும்பங்களும் சொந்தமாக வீடு கொள்ளத்தக்க குடியிருப்பாகத் திட்டமிட்டு, 1970களில் ஜனங்களைக் குடியேற்றிய மல்வேர்ன், 1983ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் இலங்கையை விட்டகன்ற தமிழர் பலருக்கு ஊராயிற்று. அங்கு வாழும் கிறிஸ்தவக் குடும்பஸ்தர் ஒருவரின் சம்பளம், கைக்கு வருமுன்னரே வீட்டுக்கடனுக்கும் வாகனக் காப்புறுதிக்கும் பிள்ளைகளின் செலவுக்கும் பங்காகிவிடுகிறது. எஞ்சியதைக் கேட்பவர் மூவர்: யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் அழைக்கும் உறவினர், ஞாயிறுதோறும் தசமபாகத்தை நினைவூட்டும் சபை, எதையும் வாய்விட்டுக் கேளாமல் உணவு வங்கியின் வரிசையில் நிற்கும் அயலவர். ரொறன்ரோவின் உணவு வங்கிகளை 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையான ஓராண்டில் மக்கள் நாடிய தடவைகள் ஏறத்தாழ 35 லட்சம் என்கையில், அவ்வயலவரைக் காணவில்லை என்று சொல்லித் தப்புவதற்கும் வழியில்லை. இம்மூவருள் முதலுரிமை எவருக்கு?

பெற்ற தாயின் மருந்துக்கு அனுப்பும் பணம் தர்மமன்று, கடமை என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. தாய்தந்தையரைத் தாங்க வேண்டிய பொருளைத் தேவனுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லிக் கைவிரித்தோரை இயேசு கடிந்துகொண்டதாக மாற்கு தம் சுவிசேஷத்தின் 7ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்க, அத்தாயை முந்திக்கொண்டு காணிக்கைத் தட்டை நீட்டும் அதிகாரம் எந்தச் சபைக்கும் இல்லை. ஆயினும் உறவின் பெயரால் வரும் கோரிக்கைகள் யாவும் ஒரு தராதரத்தன அல்ல. யுத்தத்தில் இடிந்த கூரையை மீளப் போடுவதற்கு அனுப்பும் பணமும், ஊரார் அண்ணாந்து பார்க்க மேல்மாடி எழுப்புவதற்கு அனுப்பும் பணமும் ஒரே உண்டியற்காரர் கையாற் சென்றாலும் ஒன்றாகிவிடா. பின்னதையும் சேர்த்துக் கணக்குக் காட்டி, ஏழைக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை என்பது சாமர்த்தியமேயன்றி நியாயமாகாது.

யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலியிலும் கிறிஸ்தவப் பெண்கள் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைத்து ஊழியத்திற்குக் கொடுத்த வழக்கத்தில், வேதபண்டிதர் பலரின் வியாக்கியானங்களிலும் மேலான ஒரு விவேகம் இருந்தது. உண்டு முடிந்தபின் மிஞ்சியதை அவர்கள் கொடுக்கவில்லை. தம் பங்கு குறையுமென்று அறிந்தே முதலில் எடுத்தார்கள். இன்றைய கொடையோ பெரும்பாலும் ஆண்டு முடிவில் எஞ்சியதிலிருந்து, வருமானவரிக் கழிவுக்கான பற்றுச்சீட்டை ஒரு கண்ணால் நோக்கியபடி நிகழ்கிறது. பதிவுபெற்ற தர்ம ஸ்தாபனத்திற்குக் கொடுப்பவருக்கு அரசு வரியைக் குறைப்பதும், வட்டுக்கோட்டையிலுள்ள தமக்கைக்கு அனுப்புபவருக்கு அச்சலுகை இல்லாமையும் சட்டத்தின் ஏற்பாடு. அச்சலுகையைப் பெறுவதிற் பாவமொன்றுமில்லை. ஆனால் அரசு திருப்பித் தந்த தொகை கொடுத்தவரின் தியாகக் கணக்கிற் சேராது என்பதை ஒப்புக்கொள்வதும், இயலுமாயின் அத்தொகையையும் ஏழைக்கே அனுப்பிவிடுவதும் நேர்மைக்கு அழகு.

திருநெல்வேலியில் 1903ஆம் ஆண்டில், இந்தியரின் பொருளாலும் இந்தியரின் உழைப்பாலுமே நடைபெற வேண்டுமென்ற உறுதியுடன் இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவரும், பின்னர் 1912இல் தோர்ணக்கல் அத்தியட்சராக உயர்ந்தவருமான வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோவிற் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், மேல்நாட்டார் பொருளையும் உயிரையும் ஈந்ததை நன்றியுடன் ஏற்றுக்கொண்டு, அவற்றோடு சிநேகத்தையும் தரும்படி வேண்டினார். ஏழை நாட்டிலிருந்து சென்ற ஒருவர் செல்வந்தர் சபையில் பணத்தைக் கேளாமல் நட்பைக் கேட்டது அன்று சிலருக்கு உறுத்தியது. மல்வேர்ன் தமிழருக்கும் அது உறுத்த வேண்டியதே. கடலுக்கப்பால் உள்ளவருக்குப் பணம் அனுப்புவதைக் காட்டிலும், அடுத்த கதவிலுள்ள ஜமைக்கா நாட்டு முதியவளின் பெயரை அறிந்துகொள்வது கடினமாயிருக்கிறது. வந்த நாட்களில் அரசின் உதவிப்பணத்தாலும் அந்நியரின் பழைய குளிருடையாலும் பிழைத்த குடும்பங்கள் இங்கு பல. அவர்கள் அந்நியருக்குக் கொடுப்பதைப் பெருந்தன்மையென்று புகழ்வதுகூட மிகையே.

ஆயினும் இரண்டு வேலை பார்த்து, உறங்க நேரமின்றி, தன் குடும்பத்தையும் ஊரிலுள்ள பெற்றோரையும் தாங்கும் தொழிலாளியிடம் பத்திலொன்றை அளந்து கேட்பது கொடுமை. ஒருவனிடம் உள்ளதற்குத் தக்கபடியே கொடை ஏற்றுக்கொள்ளப்படும், இல்லாததற்கேற்ப அன்று என்று கொரிந்தியருக்கு எழுதியவர் பவுலடியார். பிறருக்கு இளைப்பாறுதலும் கொடுப்பவருக்கு நெருக்கமும் உண்டாக வேண்டுமென்பது அவர் கருத்தன்று. அவ்வாறிருக்க, தசமபாகத்தைக் கட்டளையாகப் பிரசங்கிக்கும் சபை, தன் வரவிற் பத்திலொன்றையேனும் தன் சுவர்களுக்கு வெளியே ஏழைகளுக்குச் செலவிடுகிறதா என்று வருடாந்தக் கூட்டத்திற் கேட்க அங்கத்தவர் எவருக்கும் உரிமையுண்டு. அப்படிக் கேட்பவரை விசுவாசத்திற் குறைந்தவரென்று ஒதுக்குவது சில இடங்களில் வழக்கமாயிருக்கிறது. பவுலடியாரோ, எருசலேமின் ஏழைகளுக்கெனத் திரண்ட பணத்தின் பொறுப்பைத் தனியொருவராய்த் தாங்காமல், தேவனுக்கு முன்பாக மாத்திரமன்றி மனுஷருக்கு முன்பாகவும் பழிக்கு இடமில்லாதிருக்கும்பொருட்டு, சபைகள் தெரிந்தெடுத்த துணைவரையும் அப்பணியில் உடன் சேர்த்துக்கொண்டார்.