விடுதலையா, கைகழுவலா?

வீட்டில் வளர்த்த ஓர் உயிரை வெளியே விடும்போது, நாம் அதற்கு விடுதலை தருகிறோமா, அல்லது அதனிடமிருந்து நாமே விடுதலை பெறுகிறோமா? சென்ற ஆண்டு ஒரு மாலை நேரம், சுங்குவார்சத்திரத்தை அடுத்த ஓர் ஏரிக்கரையில், கையில் வாளியோடு நின்றபோதுதான் இந்தக் கேள்வி எனக்கு உறைத்தது.

வாளியில் இருந்தது ஒரு மீன். நாலு வருஷங்களுக்கு முன் என் பேத்திக்காக வாங்கியது. அப்போது அது விரல் நீளம். தொட்டியில் படியும் பாசியைத் தின்று கண்ணாடியைச் சுத்தமாக வைத்திருக்கும், ஒரு தொந்தரவும் இல்லை என்றார் கடைக்காரர். பகலெல்லாம் அது அடியில் அசையாமல் கிடக்கும். ஆகவே 'சாமியார்' என்று பெயர் வைத்தேன். என் மகன் இங்கே தொழிற்சாலையில் இரவு முறை வேலைக்குப் போய்விடுவான், வீடு உறங்கிவிடும். உறக்கம் வராத கிழவனான எனக்கு அந்நேரத்தில் விழித்திருக்கும் துணை சாமியார் ஒருவர்தான்.

சாமியார் வளர்ந்தார். ஓர் அடியைத் தாண்டினார். இரண்டடித் தொட்டியில் திரும்பும்போது வால் ஒரு பக்கக் கண்ணாடியிலும் மூக்கு மறு பக்கத்திலும் இடித்தன. பார்க்கச் சகிக்கவில்லை. "பக்கத்திலேயே ஏரி இருக்கிறதே, விட்டுவிடுங்கள் சார், புண்ணியம்" என்றார் கீழ்வீட்டுக்காரர். புண்ணியம் இவ்வளவு அருகில் கிடைக்கும்போது யாருக்குத்தான் கசக்கும்?

கரையில் ஒரு பெரியவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். வாளியை எட்டிப் பார்த்தவர் எழுந்துவிட்டார்.

"ஐயா, அதை இதுல விடாதீங்க."

"இதுவும் ஓர் உயிர்தானே பெரியவரே, பிழைத்துப் போகட்டுமே."

"அது பிழைச்சுக்கும்யா. மத்ததுங்க பிழைக்கணுமே!"

வேறோர் ஏரியில் இந்த மீன் தம் வலையில் ஏறிய கதையைச் சொன்னார். முள் சிக்கிக்கொண்டால் வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டுமாம். சந்தையில் சீந்துவாரில்லையாம்.

அவர் சொன்னதில் மிகையில்லை. தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த மீன் இது. உடம்பெல்லாம் எலும்புத் தகடு. கரையில் வளை தோண்டி முட்டையிடும். நீரைவிட்டு எடுத்தாலும் நெடுநேரம் உயிரோடு இருக்கும். இப்படி ஆசையாய் வாங்கி, அலுத்தபின் விடப்பட்டவை தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இன்று பெருகிக் கிடக்கின்றன. 2018 வெள்ளத்தின்போது கேரளத்து வளர்ப்புக் குளங்களிலிருந்து தப்பிய அரபைமா என்னும் அமேசான் ராட்சத மீன்கள் அங்குள்ள ஆறுகளில் அகப்பட்டன. நம் வட்டாரத்து ஏரிகளும் தனித்தனி அல்லவே! ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் உபரி நீர் சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. அது நிரம்பினால் அடையாற்றுக்கு. ஒரு வாளியைக் கவிழ்ப்பது ஓர் ஏரியோடு முடிகிற காரியமா?

வாளியோடு திரும்பி நடக்கையில் பாகவதக் கதை நினைவுக்கு வந்தது. திராவிட தேசத்து அரசன் சத்தியவிரதன் கிருதமாலை ஆற்றில் அள்ளிய நீரில் ஒரு சிறு மீன் வந்தது. காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சியது. கமண்டலத்தில் வைத்தான், ஓர் இரவில் இடம் போதவில்லை. பானை, குளம், ஏரி என்று மாற்றிக்கொண்டே போனான். கடைசியில் கடலில் விடப்போனபோதும், இங்கே பெரிய பிராணிகள் தன்னைத் தின்றுவிடுமே என்று கேட்டது மீன். மீனாக வந்தவன் இறைவன் என்பது கதை. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அந்த அரசன் மீன் வளர்ந்ததைக் குற்றமாக எண்ணவில்லை. ஏற்றுக்கொண்டதற்குத் தகுந்த இடம் தேடுவது தன் கடமை என்று அலைந்தான்.

எனக்கோ அலைய மனமில்லை. அந்தச் சோம்பலுக்குத்தான் புண்ணியம் என்று பெயர் சூட்டப் பார்த்தேன். இந்த ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. சத்திரத்தில் தங்கியவரை என்றாவது ஒருநாள் அனுப்பத்தான் வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் போகுமிடம் விசாரித்து அனுப்புவது வேறு, இருட்டில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது வேறு.

வாங்கிய கடையில் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார்கள். பலரிடம் கேட்டேன், கேட்பது வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கம் எனக்கு வேண்டியதுதான். இறுதியில், வண்ணமீன் வளர்ப்பவர்கள் நிறைந்த சென்னைக் கொளத்தூரில், பெரிய சிமெண்டுத் தொட்டி வைத்திருந்த ஒருவர் ஏற்றுக்கொண்டார். உள்ளே விட்டதும் சாமியார் எதிலும் இடிக்காமல் ஒரு முழு வட்டம் சுற்றி அடியில் போய்ப் படுத்தார். திரும்பியும் பார்க்கவில்லை.

"அது நம்மளை நினைச்சுக்குமா தாத்தா?" என்றாள் பேத்தி.

"நினைக்காதம்மா. நாமதான் நினைச்சுக்கணும்" என்றேன்.

இப்போதும் இரவில் உறக்கம் வராதபோது என் கண் அந்தக் காலித் தொட்டிப் பக்கம் போகிறது. நான் அந்த மீனிடம் கொண்ட அன்பு பொய்யல்ல. ஆனால் வாங்கிய அன்று விலையைக் கேட்டேன், தீனியைக் கேட்டேன்; 'இது எவ்வளவு பெரிதாக வளரும்?' என்று மட்டும் கேட்கவில்லை. அன்பு முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவல்லவா?