இன்மையும் ஓர் அளவை

லூமுட் துறையில் மாலை வேளையில் நிற்போர் பலர். பாங்கோர்த் தீவின் பக்கமிருந்து கரை திரும்பும் படகுகளை அவர்கள் எல்லாரும் காண்கின்றனர். ஆயினும், திரும்பாத படகு ஒன்று உண்டு என அறிபவர், விடியலில் எத்தனை படகுகள் சென்றன என்று எண்ணி வைத்தவர் மட்டுமே. பிறர் கண்ணுக்கு அக்கடலில் குறையேதும் தோன்றாது. காணப்படாத ஒன்றை, அது இல்லாமையைக் கொண்டே அறிய இயலுமோ? இயலுமாயின், அவ்வறிவை எந்த அளவுக்கு நம்பலாம்?

வினா பழையது. தமிழில் 'அளவை' என்னும் சொல் படியையும் கோலையும் குறிக்கும். மெய்யை அறியும் வழியையும் குறிக்கும். மணிமேகலையில் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை பத்து அளவைகளை எண்ணுகிறது. அவற்றுள் ஒன்று அபாவம், அதாவது இன்மை. ஓரிடத்தில் ஒரு பொருள் இல்லை என அறிவதும் அறிவே என்பது அதன் கருத்து. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரும் அபாவத்தைக் கூறி, பின்னர் அளவைகள் யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்கிறது. மாணாக்கர் தேர்வுக்காக உருப்போட்டு மறந்துவிடும் பட்டியல் இது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இந்த இன்மையே அளவுகோலாகப் பயன்பட்டது.

நியூட்ரான் மின்னேற்றம் அற்ற துகள். மின்னேற்றமுள்ள துகள் செல்லும் வழியில் தடம் பதிக்கும்; நியூட்ரான் தடமின்றிச் செல்லும். 1932-இல் சாட்விக் அதனைக் கண்டறிந்ததும் நேராகக் கண்டு அன்று. பெரிலியத்திலிருந்து வந்த புலப்படாத கதிர், மெழுகிலிருந்து புரோட்டான்களை உதைத்து வெளியேற்றியது. உதையுண்டதன் வேகத்தைக் கொண்டு உதைத்ததன் எடையை அவர் கருதி அறிந்தார். புகையைக் கொண்டு நெருப்பை அறியும் கருதலளவை இது.

இத்துகள் புரோட்டானோடும் அணுக்கருவோடும் எவ்வளவு எளிதில் மோதும் என்று அளக்க முற்பட்டபோது இன்மை துணைக்கு வந்தது. சிக்காகோ அருகிலுள்ள பெர்மி ஆய்வகத்தில் 1970-களில் இவ்வளவீடு நிகழ்ந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஜோன்ஸ், மைக்கேல் லாங்கோ ஆகியோரும், பம்பாய் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த பி. வி. இரமண மூர்த்தியும் அதில் பங்குகொண்டனர். அணுக்கருக்கள் பற்றிய முடிவுகள் 1975-இல் வெளியாயின. நியூட்ரான்களின் ஆற்றல் 30 முதல் 300 பில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் வரை இருந்தது.

முறை எளியது. நியூட்ரான் கற்றையின் பாதையில் இலக்குப் பொருளை வைத்து, அப்பால் வந்து சேர்வனவற்றை எண்ணுவர். பின் இலக்கை நீக்கி மீண்டும் எண்ணுவர். முதல் எண்ணிக்கையில் குறைவதே மோதலின் அளவு. இலக்கு நீர்ம ஹைட்ரஜனாயின், அது நிறைந்த கலம் ஒன்றும், அதே வடிவான வெற்றுக்கலம் ஒன்றும் வேண்டும். கலத்தின் சுவர் விழுங்கியதை ஹைட்ரஜனின் கணக்கில் எழுதுதல் பொய்க்கணக்காகும். ஒரு மீட்டர் நீளமுள்ள நீர்ம ஹைட்ரஜனைக் கடக்கையில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 நியூட்ரான்களே விலகிப்போகும். இக்குறைவிலிருந்து, நியூட்ரானுக்குப் புரோட்டான் காட்டும் பரப்பு ஏறத்தாழ 40 மில்லிபார்ன் எனப் பெறப்படும். ஒரு மில்லிபார்ன், சதுர சென்டிமீட்டரைப் பத்தின் 27-ஆம் அடுக்கால் வகுத்த அளவு.

அணுக்கருவில் இன்னொரு செய்தி வெளிப்படுகிறது. ஈயத்தின் அணுக்கருவில் இருநூற்றுக்கு மேற்பட்ட துகள்கள் உள்ளன. ஆனால் அது காட்டும் பரப்பு, அத்துகள்கள் தனித்தனியே காட்டும் பரப்புகளின் தொகையில் பாதிகூட இல்லை. முன்னிற்பது பின்னிற்பதை மறைக்கின்றது. கூட்டத்தில் நிற்போர் பலர் எண்ணிக்கைக்கு எட்டுவதில்லை என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று வேறெங்கும் கிடைப்பது அரிது.

இம்முறையில் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. எண்ணும் கருவி வந்த நியூட்ரான்கள் அனைத்தையும் பிடிப்பதில்லை, சிலவற்றைத் தவறவிடும். எனினும் விடை பிழையாவதில்லை. இலக்கு உள்ளபோதும் இல்லாதபோதும் அதே கருவி அதே விகிதத்தில் தவறவிடுமாயின், இரண்டையும் வகுக்கும்போது அக்குறை நீங்கிவிடும். கருவி குறையற்றதாக இருக்கவேண்டும் என்பதில்லை. இரு முறையும் ஒரே கருவியாக இருத்தல் வேண்டும். ஒருமுறை கூர்ந்தும் ஒருமுறை அசட்டையாகவும் எண்ணினாலோ, கிடைக்கும் குறைவு இலக்கினால் வந்ததா எண்ணியவனால் வந்ததா என எவராலும் சொல்லவொண்ணாது.

இவ்விடத்தில் இயற்பியல் அறத்தைத் தொடுகின்றது. பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில், இருள் பிரியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் அழைக்கும் வழக்கம் இருந்தது. வந்தவரைக் கொண்டு வராதவரை அறியும் இன்மையளவை அது. ஒரு நாள் வாராதவனின் கூலியைக் கழிப்பதில் அந்த ஏடு தவறியதில்லை. ஆனால் 1942, 1943-ஆம் ஆண்டுகளில், சயாம் – பர்மா இரயில்பாதை போடுவதற்காக மலாயாவின் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் தமிழர்களைக் கொண்டுசென்றபோது, எண்ணும் கை தளர்ந்துவிட்டது. சாலையில் நடந்தவர்களும் வளைத்துப் பிடிக்கப்பட்டனர். மலாயாவிலிருந்து சென்றோர் 70,000-க்கும் மேல் எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. மாண்டோர் தொகையோ நூலுக்கு நூல் வேறுபடுகிறது; சில நூல்களில் அவ்வேறுபாடு பல்லாயிரம்.

அதே 415 கிலோமீட்டர்ப் பாதையில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். மாண்டோர் 12,000-க்கு மேற்பட்டோர். அவர்களுக்குப் படைப்பதிவேடு இருந்தது. பெயரும் எண்ணும் பிரிவும் இருந்தன. காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. ஒரே காடு, ஒரே காய்ச்சல், ஒரே பாதை. எண்ணிய கோல் மட்டும் இரண்டு. தமிழர் வகையில் நேர்ந்தது இன்மையளவையின் தோல்வியன்று. அவ்வளவையைப் பயன்படுத்த வேண்டிய முதற் கடமை கைவிடப்பட்டதே.

தோட்டங்களுக்கு மீண்டவர்களை அண்டைவீட்டார் எண்ணினர். மீளாதவரை அவரவர் வீட்டார் அறிந்தனர். ஆனால் குடும்பத்தோடு சென்று குடும்பத்தோடு மாண்டவர்களுக்கு எண்ண ஒருவரும் எஞ்சவில்லை. புறப்பட்ட நாளின் ஏடும் கிடைக்காத இடங்களில், எதிலிருந்து எதைக் கழிப்பது?