ஐரிஷ் மொழியும் ஆசிரியரின் கடமையும்

அயர்லாந்துக் குடியரசில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக முழுத் தகுதி பெற ஐரிஷ் மொழி தெரிந்திருக்க வேண்டும். அங்கே ஒரு வகுப்பின் பாடங்கள் ஏறக்குறைய அனைத்தையும் ஒரே ஆசிரியர் நடத்துகிறார். ஐரிஷும் அவற்றில் ஒன்று. எனவே கணக்கிலும் அறிவியலிலும் எவ்வளவு வல்லவராக இருந்தாலும் ஐரிஷ் தெரியாதவர் பொது வகுப்பை முழுமையாக ஏற்க முடியாது. பள்ளியில் படித்து மறந்தவர்கள், நடுவயதில் வேறு தொழிலை விட்டு ஆசிரியப் பணிக்கு வர நினைக்கும்போது, அந்த மொழியை மறுபடி கற்கிறார்கள். இந்த நடைமுறைக்குள் மூன்று தத்துவக் கேள்விகள் அடங்கியுள்ளன. மறந்த மொழியைத் திரும்பக் கற்பது எத்தகைய செயல்? மொழியைக் கற்கும்படி ஒருவரை அரசு வற்புறுத்தலாமா? அந்தக் கடமை யாருக்குச் செலுத்தப்படுகிறது?

ஐரிஷ் ஒரு காலத்தில் தீவின் பெரும்பகுதியில் பேசப்பட்டது. ஆங்கில ஆட்சி, 1831-இல் தொடங்கிய ஆங்கிலவழித் தேசியப் பள்ளிகள், 1845 முதல் நேர்ந்த பெரும் பஞ்சம், அதைத் தொடர்ந்த குடிபெயர்வு ஆகியவற்றால் அது மேற்குக் கரையோரப் பகுதிகளுக்குள் சுருங்கியது. அதை மீட்க 1893-இல் கேலிக் லீக் தோன்றியது. அதன் முதல் தலைவர் டக்ளஸ் ஹைட் பின்னாளில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார். 1922 மார்ச் 17 முதல் பள்ளிகளில் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஐரிஷ் கற்பிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அன்று பணியில் இருந்த ஆசிரியர்கள் பலருக்கே அந்த மொழி தெரியாததால் கோடை விடுமுறையில் அவர்களுக்கு வகுப்புகள் நடத்தப்பட்டன. ஆசிரியர் வளர்ந்த வயதில் ஐரிஷ் கற்பது, ஆகவே, அந்த அரசின் வயதை ஒத்த வழக்கம். 1937-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு ஐரிஷை முதல் ஆட்சிமொழியாக்கியது. 2022 கணக்கெடுப்பில் சுமார் 18.7 லட்சம் பேர் ஐரிஷ் பேசத் தெரியும் என்றார்கள். கல்விக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேர் மட்டுமே.

ஆசிரியப் பணிக்காக ஐரிஷ் கற்பவர்கள் பல வகையினர். பள்ளி இறுதித் தேர்வில் போதிய மதிப்பெண் பெறாதவர்கள் உண்டு. பட்டப்படிப்பு வழியாக வருவோர் அத்தேர்வின் உயர்நிலைத் தாளில் எச்4 தரம், அதாவது 60 சதவீதத்துக்குக் குறையாத மதிப்பெண், பெற்றிருக்க வேண்டும். படிப்பதில் இடர்ப்பாடு இருந்ததாலோ வெளிநாட்டில் வளர்ந்ததாலோ பள்ளியில் ஐரிஷிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் மற்றொரு வகையினர். வெளிநாட்டில் ஆசிரியப் பயிற்சி பெற்று வருவோர் நிபந்தனையுடன் பதிவு பெற்று, குறித்த காலத்துக்குள் ஐரிஷ் தகுதியைக் காட்ட வேண்டும். ஐரிஷ் வழக்குமொழியாக உள்ள கேல்டக்ட் பகுதியில் மூன்று வாரம் தங்கிப் பயில்வதும் அந்த வழியில் அடங்கும்.

முதல் கேள்விக்குப் பழைய விடை பிளேட்டோவுடையது. 'மெனோ' உரையாடலில் ஒரு புதிர் வருகிறது: தெரிந்ததைத் தேட வேண்டியதில்லை, தெரியாததைத் தேடுவதென்றால் எதைத் தேடுவது என்றே தெரியாது. கற்பது என்பது ஆன்மா முன்பே அறிந்ததை நினைவுகூர்வதே என்று சாக்ரடீஸ் இதற்கு விடை சொல்கிறார். வடிவியலுக்கு இது பொருந்தலாம். ஒரு மொழியின் சொற்களை யாரும் சிந்தித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மறந்த மொழியைப் பொறுத்தவரை இந்த விடைக்கு உயிர் இருக்கிறது. முற்றிலும் மறந்துபோன ஒன்றை மீண்டும் கண்டால் அதுதான் என்று அடையாளம் காணவும் இயலாது என்று புனித அகுஸ்தீன் தம் ஒப்புதல் நூலின் பத்தாம் பகுதியில் வாதிட்டார். 1885-இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வும் இதற்கு அருகில் வந்தது: மனப்பாடம் செய்து மறந்ததை மீண்டும் கற்க முதல்முறையை விடக் குறைந்த உழைப்பே தேவைப்பட்டது.

எனினும், மறந்தது எது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு செய்தியை அறிவதும் ஒரு செயலைச் செய்ய அறிவதும் வேறு என்று கில்பர்ட் ரைல் 1949-இல் எழுதினார். பள்ளி இறுதித் தேர்வில் வாய்மொழிப் பகுதிக்கு 40 சதவீத மதிப்பெண் உண்டு. ஆனால் அதன் ஒரு பகுதியான படக்கதைகளை மாணவர்கள் முன்கூட்டியே உருப்போட்டு ஒப்பிக்க முடியும். அப்படித் தேறியவர் ஐரிஷ் பற்றி அறிந்திருக்கலாம். ஐரிஷில் பேச அறிந்திருப்பார் என்று சொல்ல முடியாது. அவருக்குத் திரும்ப வருவது சொற்களும் வினைத்திரிபுகளும். பேச்சை அவர் முதல்முறையாகவே கற்கிறார். யாழ் வாசித்தே யாழ்க் கலைஞராக முடியும் என்ற அரிஸ்டாட்டிலின் கருத்து இங்கே செல்லும்; கேல்டக்டில் தங்கும் விதிக்கு அறிவுசார்ந்த நியாயமும் இதுவே.

இரண்டாம் கேள்வி வற்புறுத்தலைப் பற்றியது. இலத்தீனைத் தாதியரின் கொஞ்சலுக்கும் விளையாட்டுக்கும் இடையே தாம் எளிதாகக் கற்றதையும், அடிக்கும் மிரட்டலுக்கும் அஞ்சிப் படித்த கிரேக்கத்தை வெறுத்ததையும் அகுஸ்தீன் பதிவு செய்திருக்கிறார். மொழியைக் கற்க ஆர்வத்துக்குள்ள வலிமை அச்சத்துக்கு இல்லை என்பது அவர் கண்ட முடிவு. அயர்லாந்தில் 1973 வரை ஐரிஷில் தவறியவருக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழே கிடைக்கவில்லை. மற்ற பாடங்களின் உழைப்பையும் பணயமாக வைத்த அந்த விதி வெறுப்பையும் சேர்த்தே வளர்த்தது.

ஆசிரியர் தகுதி விதி அதிலிருந்து வேறுபடுகிறது. பணியை நாடி வருபவர் வளர்ந்தவர். அதைத் தாமே தேர்ந்தெடுக்கிறார். ஒரு நோக்கத்தை விரும்புபவர் அதற்கு இன்றியமையாத வழியையும் விரும்பியாக வேண்டும் என்பது கான்ட்டின் வாதம். இதில் 'இன்றியமையாத' என்ற நிபந்தனை முக்கியம். டப்ளினில் ஓவியம் கற்பித்த டச்சுக்காரரான அனிதா க்ரூனருக்கு, ஐரிஷ் வாய்மொழித் தேர்வில் தவறியதால், நிரந்தரப் பணி மறுக்கப்பட்டது. அவர் பாடம் நடத்தியதோ ஆங்கிலத்தில். 1989-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த மொழி விதி செல்லும் என்றது. ஆனால் விதி அளவுக்கு மீறக் கூடாது, மொழியை அயர்லாந்திலேயே கற்றிருக்க வேண்டும் என்று கேட்கக் கூடாது, தவறியவருக்கு மறுவாய்ப்பு வேண்டும் என்று வரம்பும் கட்டியது. ஓவிய ஆசிரியருக்கு இந்த விதி நாட்டின் கொள்கையால் மட்டுமே நியாயம் பெற்றது. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குப் பணியே அதைக் கேட்கிறது.

மத நம்பிக்கையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அயர்லாந்தின் தொடக்கப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் உள்ளன. அவற்றில் பணியாற்ற மதக் கல்விச் சான்றிதழும் கேட்கப்படுவது வழக்கம். நம்பிக்கை ஆணைக்குக் கட்டுப்படாது, வாள் அதை உண்டாக்காது என்று ஜான் லாக் 1689-இல் வாதிட்டார். மொழி அப்படியல்ல, நேரமும் ஆசிரியரும் கிடைத்தால் முயற்சியால் கைகூடும். மதக் கோட்பாட்டைக் கற்பிக்கும் திறனையும் அவ்வாறே பெறலாம். அதை நம்புமாறு தம்மையே ஒருவர் பணிக்க முடியாது.

கடமை யாருக்கு என்ற மூன்றாம் கேள்விக்கு மூன்று விடைகள் உள்ளன. மொழி ஓர் இனத்தின் உள்ளம் என்று ஜெர்மன் சிந்தனையாளர் ஹெர்டரும், மொழியிழந்த தேசம் குறையுடையது என்று ஐரிஷ் தேசியவாதி தாமஸ் டேவிஸும் கருதினர். இதை ஏற்றால் ஆங்கிலம் மட்டுமே பேசும் ஐரிஷ்காரரும் புதிதாகக் குடியேறியவரும் அரைக் குடிமக்களாகி விடுவார்கள். சமுதாயம் என்பது இறந்தோர், வாழ்வோர், பிறக்கவிருப்போர் ஆகியோரின் கூட்டு என்ற டப்ளின்காரரான எட்மண்ட் பர்க்கின் கருத்து இதைவிட ஆழமானது. ஆனால் முன்னோரின் விருப்பம் ஒன்றாக இல்லை: ஐரிஷைக் காத்தவரும் முன்னோரே, பிள்ளைகளின் பிழைப்புக்காக அதை விட்டவரும் முன்னோரே.

எஞ்சும் விடை எதிரே அமர்ந்திருக்கும் குழந்தை. பாடத்திட்டம் அந்தக் குழந்தைக்கு ஐரிஷை வாக்களித்திருக்கிறது. அந்த வாக்கைக் காப்பவர் வகுப்பில் நிற்கும் ஆசிரியர். கடமைக்கு வேர் இங்கே இருப்பதால் அதன் எல்லையும் இங்கேயே இருக்கிறது. வகுப்பறைக்குத் தேவையான அளவு பேச்சும் எழுத்தும் கேட்கப்படலாம்; அதற்கு மேல் கேட்பது பற்றுச் சோதனையாகிவிடும். அப்படிக் கேட்கும் அரசு, கற்கும் காலத்தையும் கட்டுப்படியாகும் வகுப்புகளையும் மறுதேர்வையும் வழங்கக் கடமைப்பட்டது. இந்த நிபந்தனைகள் நிறைவேறும் வரையில் ஆசிரியரிடம் ஐரிஷ் கேட்பது நியாயமே.