வாயிலோனிடம் பேசுதல்

தருமபுரியில் ஓர் அலுவலகம், பெயர் அவசியமில்லை. பக்கத்து சீட்காரர் ஓய்வு பெற்றபின் அவர் இடம் நிரப்பப்படவில்லை. மூன்று வருஷம் இரண்டு சீட் வேலையையும் நானே பார்த்தேன். தூக்கம் போயிற்று. பென்னாகரம் பக்கமிருந்து மனுவோடு வந்த ஒரு கிழவரிடம் ஒருநாள் காரணமில்லாமல் கத்தினேன். அவர் ஒன்றும் பேசாமல் மனுவை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனார். அந்த வாரமே மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். காலியிடத்தை நிரப்பும்வரை இரண்டாவது சீட்டை என்னால் பார்க்க இயலாது என்று. கடிதம் மேஜை டிராயரில் கிடந்தபோதுதான் எங்கள் அலுவலகத்துக்கு ஆற்றுப்படுத்துநர் வந்தார்.

சின்ன வயதுப் பெண். முக்கால் மணி நேரம் கேட்டார். குறுக்கே பேசவில்லை, உபதேசம் செய்யவில்லை. கிழவரைப் பற்றிச் சொல்கையில் நான் அழுதுவிட்டேன். அன்றிரவு தூங்கினேன். மறுநாள் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். யாரும் கிழிக்கச் சொல்லவில்லை. அது இனித் தேவையில்லை என்று பட்டது, அவ்வளவுதான்.

ஆறு மாதத்தில் எனக்கு மாறுதல் வந்தது. இரண்டு சீட்டும் ஒன்றாகவே அடுத்தவர் கைக்குப் போயின. கைக்குழந்தையோடு தினமும் பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண்.

என் கோபம் எனக்கு வந்த நோயா, அல்லது அந்த அலுவலகத்தைப் பற்றிய ஒரு செய்தியா? நோயென்றால் குணப்படுத்தியது சரி. செய்தியென்றால், அது போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போகும் முன்பே என்னுள் கரைக்கப்பட்டுவிட்டது. அதைக் கரைய விட்டதில் எனக்கும் பங்குண்டு.

இது புதுப் பிரச்னை இல்லை. சிகாகோவுக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1928 முதல் 1930 வரை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். 1936-ல் ஆலோசகர்களையே நியமித்தார்கள். கேட்பது மட்டுமே அவர்கள் வேலை. குறையை நிர்வாகத்திடம் எடுத்துச் செல்லக்கூடாது, எதையும் மாற்றும் அதிகாரமும் கிடையாது. இருபது வருஷம் நடந்து 1956-ல் அந்த ஏற்பாடு நின்றது. ரோத்லிஸ்பெர்கரும் டிக்ஸனும் 1939-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு தொழிலாளிப் பெண் வருகிறாள். கான்டீன் சாப்பாட்டைப் பற்றி நெடுநேரம் குறைப்பட்டவள், சில நாட்கள் கழித்து, சொன்னதற்குப் பலன் கிடைத்ததென்று நன்றி கூறுகிறாள். சாப்பாட்டில் எந்த மாற்றமும் செய்யப்பட்டிருக்கவில்லை. ஆசிரியர்களுக்கு இது ஒரு வெற்றி. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அவள் நாக்கையே அல்லவா மாற்றிவிட்டார்கள்?

இடதுசாரி நண்பர்கள் இதை அபின் என்று சொல்லி ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது முடியாது. தூங்கியவன் நான். தூக்கமில்லாதவனுக்கு வர்க்கப் பிரக்ஞை வருவதில்லை, கண்ணெரிச்சல்தான் வருகிறது. தமிழகக் காவலர்களுக்கு நிம்ஹான்ஸ் துணையோடு நல்வாழ்வுப் பயிற்சி 2018-ல் தொடங்கியது. வார விடுப்புக்கான அரசாணை 2021-ல் வந்தது. காது முன்னால், விடுமுறை பின்னால். இந்த வரிசை உறுத்துகிறது. ஆனாலும் நடுவில் அந்தக் காதும் இல்லாதிருந்தால் சிலர் 2021-ஐப் பார்த்தே இருக்க மாட்டார்கள் என்பதை எப்படி மறுப்பது?

ஆற்றுப்படுத்துதல் என்ற சொல்லையே பாருங்கள். ஆற்றுப்படைகளில் பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனுக்கு வழி சொல்கிறான். இருவரும் ஒரே பசிக்காரர்கள். வழி ஒரு வாசலில் போய் முடிகிறது. அங்கே சோறு இருக்கிறது. இப்போதைய ஆற்றுப்படுத்துதலில் வழி நம் உள்ளே திரும்பி உள்ளேயே முடிந்துவிடுகிறது. காதில் விழுவதும் பால் ஆற்றுகிற ‘ஆற்று’தான்.

அதியமான் என்றதும் இந்த ஊர்க்காரனுக்கு நெல்லிக்கனி ஞாபகம் வரும். எனக்குப் புறநானூற்றின் 206ஆம் பாட்டு. பரிசில் தராமல் அவன் காலம் கடத்தியபோது அவ்வை சினந்து கிளம்புகிறாள். பேசுவது வாயிலோனிடம். அவனுக்கு எந்த அதிகாரமும் இல்லை. கேட்க மட்டுமே முடியும். ஆனால் அவள் பேச்சு அவனோடு நிற்பதற்கல்ல, உள்ளே இருப்பவன் காதுக்கு. எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும் வித்தை கையிலிருந்ததால் அப்படிப் பேச முடிந்தது என்பதும் உண்மை. குமாஸ்தாவுக்கு அது இல்லை.

வாயிலோன் உள்ளே போய்ச் சொல்லலாமா? சொல்வான் என்று தெரிந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ரகசியம்தான் என்னைப் பேசவைத்தது. அதே ரகசியம்தான் என் குறையை என் சொந்த விஷயமாக்கிற்று. பெயர்களை விட்டுவிட்டு, இந்தப் பிரிவில் இத்தனை பேர் தூங்குவதில்லை என்று எண்ணிக்கையை மட்டுமாவது உள்ளே கொண்டுபோகலாம். அதற்கு, அந்த எண்ணை வாங்கிக்கொள்ள உள்ளே ஒருவர் இருக்கவேண்டும்.

போன மாதம் பஸ் நிலையத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இளைத்திருந்தார். ஆற்றுப்படுத்துநர் மறுபடி வரப்போகிறாராம், போய்ப் பேசட்டுமா சார் என்று கேட்டார். அவசியம் போங்கள் என்றேன். அதற்கு முன்னால் அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள் என்றும் சொன்னேன்.

எந்தக் கடிதம் சார், என்றார்.