உள்ளே ஒலிக்கும் குரல் யாருடையது?

அகங்காரத்தை ஒப்படைத்தவனுக்கு உள்ளிருந்தே வழி புலப்படும் என்பது சமய மரபுகள் பலவும் ஏற்றுக்கொண்ட கருத்தே. ஆயினும் அவ்வாறு கேட்கும் குரல் இறைவனுடையதா, ஒப்படைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருக்கும் அகங்காரத்தினுடையதேதானா என்பதை எதைக் கொண்டு தெளிவது என்னும் ஐயம் அம்மரபுகளை விட்டு நீங்கியதில்லை. தாமிரபரணிக் கரை வைணவம் இதற்கு அளித்த விடை, ஆழ்வார்திருநகரி என இன்று வழங்கும் திருக்குருகூரில் நம்மாழ்வாருக்கும் மதுரகவியாருக்கும் இடையே அமைந்த உறவிலிருந்து உருவானது.

இறைவன் பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என ஐந்து நிலைகளில் விளங்குவதாக வைணவம் வகுத்துரைக்கும். இவற்றுள் அந்தர்யாமி என்பது ஒவ்வோர் உயிரின் உள்ளும் நின்று அதை நியமிக்கும் நிலை. பிருகதாரணியக உபநிடதத்தில் வேர் கொண்ட கருத்து இது. அவ்வாறாயின் உள்ளிருந்து வரும் வழிகாட்டல் முயன்று ஈட்ட வேண்டிய பொருளன்று, முன்பே உள்ளது. அதை மறைப்பவை உடலையே தானாகவும் தன்னையே தனக்குத் தலைவனாகவும் கருதும் அகங்காரமும், பொருள்களை 'என்னுடையவை' எனக் கொள்ளும் மமகாரமும் ஆகும். இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். 1896இல் மதுரையில், பதினாறு வயதில், மரண அச்சத்தின் ஊடே தன்னைத் தானே ஆராய்ந்த இரமணரின் நெறியில் 'நான்' என்னும் எண்ணம் தன் மூலத்தில் ஒடுங்கிவிட வேண்டும். இராமானுசரின் விசிட்டாத்துவைதமோ, 'நான்' என்னும் உணர்வு ஆன்மாவின் இயல்பே, வீடுபேற்றிலும் அது அழிவதில்லை என்று கொள்கிறது. அழிய வேண்டியது சுதந்திரம் பற்றிய மயக்கம் மட்டுமே. அவ்விடத்தில் நிலைபெற வேண்டியது சேஷத்துவம், அதாவது இறைவனுக்கே உரிமைப்பட்டிருக்கும் தன்மை.

ஆய்வாளர் பலர் 9ஆம் நூற்றாண்டினராகக் கருதும் நம்மாழ்வார், பிறந்தது முதல் அழாமலும் பேசாமலும், குருகூர்க் கோயிற் புளிய மரத்தடியில் பதினாறு ஆண்டுகள் யோகத்தில் அமர்ந்திருந்தார் என்பது குருபரம்பரை வரலாறு. அருகிலுள்ள திருக்கோளூரில் அந்தணர் குலத்தில் பிறந்து, வேதம் கற்று, வயதில் மூத்தவராயிருந்த மதுரகவியார், அயோத்தியில் இருந்தபோது தென்திசையில் ஒரு பேரொளியைக் கண்டு அதன் வழியே நடந்து வர, குருகூரில் அவ்வொளி மறைந்தது. அசைவற்றிருந்தவருக்கு உணர்வுண்டோ என அறியக் கல்லொன்றைக் கீழே போட்டு ஓசை எழுப்பினார்; ஆழ்வார் கண் திறந்தார். உயிரற்ற ஒன்றின் வயிற்றில் சிறியதொன்று பிறந்தால் அது எதை உண்டு எங்கே கிடக்கும் என்று மதுரகவியார் வினவ, அதையே உண்டு அங்கேயே கிடக்கும் என்னும் கருத்தில் விடை வந்தது. அறிவற்ற உடலில் புகுந்த அணுவளவான உயிர், உடலின் இன்ப துன்பங்களையே தன்னுடையவையாக நுகர்ந்து அதிலேயே அழுந்திக் கிடக்கும் என்பது பரவலாக வழங்கும் விளக்கம். அகங்காரத்தின் இலக்கணம் இதைவிடச் சுருக்கமாகக் கூறப்பட்டிருப்பது அரிது. வேளாளர் குலத்து இளைஞர் ஒருவரை முதிய வேதியர் வணங்கி ஆசானாக ஏற்ற அக்கணத்தில், குலம், கல்வி, வயது என்னும் மூன்று மமகாரங்கள் விவாதம் ஏதுமின்றி வீழ்ந்தன.

குரல் யாருடையது என்னும் வினாவை ஆழ்வாரே எதிர்கொண்டிருக்கிறார். 1102 பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழியின் ஏழாம் பத்து ஒன்பதாம் திருவாய்மொழியில், பாடியவன் தானல்லன், தன்னைக் கருவியாக்கி இறைவன் தன்னைத் தானே பாடிக்கொண்டான் என்று அவர் நெகிழ்கிறார். ஐந்தாம் பத்து ஆறாம் திருவாய்மொழியோ இன்னும் துணிவானது: உலகைப் படைத்ததும் காத்ததும் நானே என்று பிதற்றும் மகளின் நிலையைத் தாய் எடுத்துரைப்பதாக அது அமைந்துள்ளது. சொல்லளவில் இது அகங்காரத்தின் உச்சமே. எனினும் அச்சொல்லைத் தன் வாயால் கூறாமல் தாயின் வாயில் வைத்தமை கருதத்தக்கது; உள்ளே எழுந்த பேச்சை உரியவரே உரிமை கொண்டாடாமல், வெளியே நிற்கும் ஒருவர் கேட்டு வியக்கிறார்.

இவ்வாறு உள்ளிருப்பவனுக்கு வெளியே ஒரு சான்று தேவைப்படுவதே இம்மரபின் தனிக்கூறு. மதுரகவியார் பாடியவை பதினொரு பாசுரங்களே. 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' எனப்படும் அப்பனுவலில், குருகூர் நம்பியன்றி வேறு தெய்வம் அறியேன் என்று தம் நிலையை அவர் கூறிவிடுகிறார். திருமாலைப் பாடும் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத் தொகுப்பில் ஆசானைப் பாடிய இச்சிறு பனுவல் இடம்பெற்றது மட்டுமன்று. மறைந்துபோன பாசுரங்களைத் தேடிக் குருகூர் வந்த நாதமுனிகள், இதைப் பன்னீராயிரம் முறை ஓதியே நாலாயிரத்தையும் பெற்றார் என்று மரபு கூறும். திருமால் கோயில்களில் வணங்குவோர் தலைமேல் வைக்கப்படும் திருவடி நிலையும் சடகோபன் என்னும் ஆழ்வாரின் பெயரால் சடாரி என்றே வழங்குகிறது. இறைவன் திருவடியை வேண்டிக் குனியும் தலைமீது அடியவரின் பெயரே அமர்கிறது. 'அடியேன்' என்னும் சொல்லைக்கூட அதிகாரத் தொனியில் சொல்லிப் பழகிவிட்ட நாவுகளுக்கு இந்த ஏற்பாடு தேவைதான்.

ஒப்படைப்பதும் ஒரு செயல் அல்லவா, அதைச் செய்தவன் 'நான் சரணடைந்தேன்' என்று பெருமை கொள்ளலாகாதா என்னும் இடர்ப்பாடு எஞ்சுகிறது. நாங்குனேரி வானமாமலைப் பெருமானிடம் தம்மிடம் தவமோ அறிவோ இல்லையென்று கையேந்தி ஆழ்வார் சரணடையும் பதிகத்தைக் கொண்டு, உரையாசிரியர்கள் இதைப் பெரிதும் ஆராய்ந்துள்ளனர். சரணாகதியையும் தன் முயற்சியாக எண்ணினால் அதுவும் அகங்காரமே, குட்டியைப் பூனை தானே கவ்விச் செல்வதுபோல் இறைவனே கொண்டு செல்வான் என்பது பிள்ளை லோகாசாரியரும், 1370இல் ஆழ்வார்திருநகரியில் பிறந்த மணவாள மாமுனிகளும் வளர்த்த தென்கலைக் கொள்கை. உயிரிடம் ஒரு வியாஜமாவது, அதாவது அருளுக்கு ஒரு சிறு முகாந்தரமாவது, இருந்தாலன்றி இறைவனுக்குப் பாரபட்சம் நேருமே என்பார் வடகலையார். குருகூர் வரலாறு முன்னவருக்கே துணையாவதாகத் தோன்றினும், ஒளி தானாக வந்ததெனக் கொண்டாலும் அதைப் பின்பற்றி அயோத்தியிலிருந்து நடந்து வந்தவர் மதுரகவியாரே என்று பின்னவர் சுட்டினால், அதற்கு எளிதில் மறுமொழி கூறிவிட இயலாது.