இளமையை உண்டு முதுமையைக் கைவிடலாமா?



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய திருத்தூதர் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

ஜும்ஆ முடிந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை விட்டு வெளியே வருகையில், நம் வியாபாரிகளிடையே அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்றுண்டு. “காப்புறுதிப் பணத்தை ஏற்றிவிட்டார்கள், இனி எப்படிக் கட்டுவது?” என்பதே அது. இருபது வருஷம் தவணை தவறாமல் கட்டியவர். ஒரு நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தறியாதவர். அறுபது வயதைத் தாண்டியதும், அவரால் கட்டவே முடியாத தொகையுடன் கடிதம் வருகிறது. கட்டாவிட்டால் காப்பு போயிற்று. மழை தொடங்கும் நேரத்தில் குடையைப் பறித்துக்கொள்வது போன்றதே இது.

இது வெறும் புலம்பலன்று. 2024ஆம் ஆண்டில் இந்நாட்டின் வைத்தியச் செலவு சுமார் 15 விழுக்காடு உயர்ந்தது. பிரிமியம் 40 முதல் 70 விழுக்காடு வரை ஏறும் என்ற செய்தி மக்களைக் கலங்கடித்தது. முறையீடுகள் பெருகவே, அவ்வாண்டு டிசம்பர் 20ந் தேதி பேங்க் நெகாரா இடைக்கால ஏற்பாடு ஒன்றை அறிவித்தது. உயர்வை மூன்று வருஷங்களுக்குக் குறையாமல் பிரித்துப் போட வேண்டும். 60 வயதை எட்டி, குறைந்த திட்டத்தில் இருப்போருக்கு ஓராண்டு உயர்வை நிறுத்திவைக்க வேண்டும் என்றது. அந்த ஏற்பாட்டுக்குக் குறித்த எல்லை 2026ஆம் ஆண்டு இறுதி.

உயர்வுக்குக் காரணம் என்ன? பலர் பணத்தை ஒரே பெட்டியில் சேர்த்து, நோயுற்றவருக்கு எடுத்துக் கொடுப்பதே காப்புறுதி. ஆஸ்பத்திரிப் பில் ஏறினால் ஒவ்வொருவர் பங்கும் ஏறும். பங்கு ஏறினால் ஆரோக்கியமுள்ள வாலிபர்கள் விலகுவார்கள். எஞ்சி நிற்கும் முதியோர் தலையில் பாரம் முழுவதும் இறங்கும்.

நம் மார்க்கம் இதற்கு வழி காட்டாமலில்லை. அஷ்அரீ கூட்டத்தார் உணவு குறைந்த காலத்தில், தம்மிடம் இருந்தவற்றை ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக் கொண்டதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மெச்சி, அவர்களைத் தம்மைச் சேர்ந்தோர் என்றே சிறப்பித்தார்கள். ஒருவர் பாரத்தை மற்றவர் ஏற்கும் இக்கருத்தை அடியொற்றியே 1984இல் இந்நாட்டில் தகாபுல் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் தகாபுல் பங்குத் தொகையும் ஏறவே செய்தது. பெயர் மாறினால் மட்டும் போதாது. நெஞ்சும் மாற வேண்டும்.

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், பார்வையிழந்த யூத முதியவர் ஒருவர் வாசலில் நின்று யாசித்ததாக ஒரு வரலாறு உண்டு. கலீபா அவரைக் கைப்பிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று உதவினார்கள். பிறகு பைத்துல்மால் பொறுப்பாளருக்கு ஆளனுப்பி, அவரையும் அவர் போன்றோரையும் கவனிக்கும்படி கட்டளையிட்டார்கள். இளமையில் அவரிடம் வாங்கிக்கொண்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்பதே அவர்களுடைய தீர்ப்பு.

சகோதரர்களே! இந்த நீதியைக் கம்பெனிகளிடம் கேட்கும் நாம், நம் கடைக்குள் திரும்பிப் பார்த்தோமா?

இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து வாலிபத்தில் வந்த பண்டாரி, நம் நாசி கண்டார் கடை அடுப்படியில் பல வருஷம் நிற்கிறார். அவர் வியர்வையில் கடை ஒன்று இரண்டாகிறது. சர்க்கரை நோயால் அவர் காலில் புண் வைத்ததும், விமான டிக்கெட்டையும் சில நூறு வெள்ளியையும் கையில் வைத்து, “ஊருக்குப் போய் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பாய்” என்று அனுப்பிவிடுகிறோம். இது இளமையை உண்டு முதுமையைக் கைவிடுவதன்றி வேறென்ன?

அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்கு உள்ள சலுகைக் கட்டணம் அவருக்கில்லை. வெளிநாட்டுத் தொழிலாளருக்கு ஆஸ்பத்திரிக் காப்புறுதி 2011 முதல் கட்டாயம், அதற்கும் வரம்புண்டு. வேலை விபத்துக்கான சொக்சோ பாதுகாப்பு 2019 ஜனவரி முதல் அவர்களுக்கும் உண்டு. இவற்றை வெள்ளி மிச்சம் பிடிக்கும் இடமாக எண்ணி, பெயரைப் பதியாமல் விடுவோர் நம்மில் இல்லையா? “அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்று சொல்வோரும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத்தல்லவா நாம்?

நம் பினாங்கிலேயே 1883இல் சீன வணிகர்கள் ஏழைகளின் இலவச வைத்தியத்துக்கென்று தொடங்கிய தர்மம், லாம் வா ஈ ஆஸ்பத்திரியாக வளர்ந்து நிற்கிறது. அதற்குச் சுமார் அறுநூறு வருஷங்களுக்கு முன்பே, 1284இல், சுல்தான் கலாவூன் கெய்ரோவில் ஏழை பணக்காரர் யாவருக்கும் வக்பு வருமானத்தால் ஆஸ்பத்திரி நடத்தினார். 1801இல் பள்ளிவாசல் எழுப்பிய நம் முன்னோரின் பிள்ளைகளுக்கு, கடைக்குக் கடை மாதமொரு தொகை ஒதுக்கி வைத்திய நிதி ஒன்று சேர்ப்பது மலையைப் புரட்டும் காரியமா?

இன்றிரவு கடை அடைக்குமுன், நம் சிப்பந்திகளில் மூத்தவரை அழைத்து, “உடம்பு எப்படி இருக்கிறது?” என்று கேட்போம். அவர் பெயர் எந்தெந்தப் பாதுகாப்பில் பதிந்திருக்கிறது என்று பார்ப்போம். ஜகாத் கணக்கை எழுதும் கையால் இந்தக் கணக்கையும் எழுதுவோம். நாளை மஹ்ஷரில் இதுவும் கேட்கப்படும்.

நோயுற்றோருக்கு அல்லாஹ் பூரண சுகத்தையும், நமக்கு நீதியான நெஞ்சையும், நம் வியாபாரத்தில் பரக்கத்தையும் அருள்வானாக! ஆமீன்.