விளையும் பயிரும் முளையும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. தேர்வில் முதலிடம் பெற்ற மாணவனுக்கு மாலையிடும் விழாவில் அது ஒலிக்கும். ஓட்டப் பந்தயத்தில் வென்ற சிறுமியைப் பாராட்டும் மேடையிலும் ஒலிக்கும். விளைந்து முடிந்த பயிரைக் காட்டி அதன் முளையைப் புகழ்வது எளிது. ஆனால், முளையை மட்டுமே கண்டு விளைச்சலைச் சொல்ல வேண்டிய கடமை சிலருக்கு உண்டு. பள்ளி விளையாட்டு ஆசிரியர், மாவட்டத் தேர்வாளர், விளையாட்டுப் பள்ளியின் பயிற்றுநர் ஆகியோர் அத்தகையோர். 13 வயதுச் சிறுவன் ஒருவனை ஒரு பிற்பகல் பார்த்துவிட்டு, ‘இவன் தேறுவான்’ என்றோ ‘தேறமாட்டான்’ என்றோ எழுத அவர்களுக்கு உரிமை உண்டா? உண்டெனில், அவ்வுரிமையோடு ஒட்டிவரும் பொறுப்பு எத்தகையது?

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் நின்று நோக்கினால் இவ்வினாவின் கூர்மை நன்கு விளங்கும். நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885-ஆம் ஆண்டில் கண்டு குறித்த இம்மலைநிலத்தில், 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. இங்குள்ள சரிவுகளில் தேயிலை வளர்த்து, கொழுந்து பறித்து, ஆலையில் அதைப் பதப்படுத்தியோருள் தமிழர் பெரும்பங்கினர். அவர்தம் பிள்ளைகளுக்காகத் தோட்டந்தோறும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. தானா ராத்தா கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. இத்தகைய மலையில் சமநிலம் கிடைத்தற்கு அரியது. தேயிலைக்கும் காய்கறிக்கும் குடியிருப்புக்கும் போக எஞ்சிய துண்டு நிலமே பிள்ளைகளின் திடல். அங்கே பந்தை ஓங்கி உதைப்பவன், அதைத் தேடித் தேயிலை வரிசைகளுக்கிடையே தானே இறங்க வேண்டும். ஆதலால் மெல்லத் தட்டி ஆடும் பழக்கம் இயல்பாகவே வந்துவிடுகிறது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. கொழுந்து பறிப்போருள் வெளிநாட்டுத் தொழிலாளர் மிகப் பலர். விரல்கள் செய்த வேலையைக் கத்தரியும் இயந்திரமும் செய்கின்றன. தோட்டத்தில் எஞ்சியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கோ வீடும் வேலையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வேலை நின்றால் வீட்டையும் விட்டு இறங்க வேண்டும். அத்தகைய வீட்டில் பிறந்த ஒரு பிள்ளையின் காலில் திறன் இருக்கிறது என்று எவரேனும் சொல்லிவிட்டால், அது விளையாட்டைப் பற்றிய சொல்லாக மட்டும் நிற்பதில்லை. அக்குடும்பம் அடுத்து எங்கே வாழும், எப்படி வாழும் என்பதைப் பற்றிய சொல்லாகவும் அது கேட்கப்படுகிறது.

அத்தகைய சிறுவன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளலாம். தந்தை தோட்டத்து லாரி ஓட்டுநர். தாய் ஆலையில் வேலை செய்பவர். சிறுவன் நவம்பரில் பிறந்தவன், உருவத்தில் சிறியவன். பந்து தன்னிடம் வந்து சேருமுன்னரே தலையைத் திருப்பி, யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொள்வான். பந்து வந்ததும் ஒரே தட்டில் உரிய இடத்திற்கு அனுப்பிவிடுவான். ஈராண்டுகளாக அவனைப் பார்த்துவரும் ஆசிரியர் ஒருவர் அவனைச் சமவெளியில் நடைபெறும் தேர்வுக்கு அழைத்துச் செல்கிறார். விடியுமுன் புறப்பட்ட வண்டியில் வளைவுகள் நிறைந்த பாதையில் இறங்கி, வெயில் கொளுத்தும் அகன்ற திடலில் நிற்கிறான் சிறுவன். எதிரணியினர் அவனைவிட ஒரு தலை உயரம். முதல் இருபது நிமிடத்தில் தோளோடு தோள் மோதி மும்முறை பந்தை இழக்கிறான். தேர்வாளரின் தாளில் உயரம், எடை, முப்பது மீட்டர் ஓட்டத்தின் நேரம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உள்ளன. தலையைத் திருப்பிப் பார்ப்பதற்குக் கட்டம் இல்லை.

தேர்வாளரைக் கொடியவராகச் சித்திரிப்பது நேர்மையாகாது. எண்பது சிறுவர், இருபது இடம், ஒரு பிற்பகல்: அவருக்குக் கொடுக்கப்பட்டது அவ்வளவே. மலேசியப் பள்ளிகளின் விளையாட்டு அமைப்பு 12, 15, 18 வயதுக்குட்பட்டோர் எனப் பிரித்து, மாவட்டம், மாநிலம், நாடு என்று படிப்படியாகத் தேர்ந்தெடுக்கிறது. 2014-இல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் பகாங்கின் கம்பாங்கில் மொக்தார் டஹாரியின் பெயரால் அமைந்த பயிற்சிக்கழகத்தில் சிறுவர்களைத் தங்கவைத்துப் பயிற்றுவித்தது. இத்தகைய ஏற்பாடு நல்லதே. ஆயினும், இடங்கள் எண்ணத்தக்கவை, பிள்ளைகள் எண்ணிறந்தோர். எவரையும் விலக்காமல் எவரையும் தேர்ந்தெடுக்க இயலாது.

இக்கட்டங்களில் ஒளிந்திருக்கும் பிழை ஒன்று உண்டு. வயதுப் பிரிவு ஆண்டுக் கணக்கில் அமைகிறது. ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு நவம்பரில் பிறந்தவனும் ஒரே வயதினர் என்று ஏடு சொல்கிறது. இடையிலுள்ள பத்து மாத வளர்ச்சியை அது கணக்கிடுவதில்லை. கனடாவின் பனிவளைகோற் பந்தாட்டத்தை ஆராய்ந்த உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவர்தம் துணைவரும் 1985-இல் வெளியிட்ட முடிவு இதனைத் தெளிவாக்கியது. தேர்ந்த அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தோர் மிகுதி. இறுதி மூன்று மாதங்களில் பிறந்தோர் குறைவு. பின்னர்ப் பல நாடுகளில், பல ஆட்டங்களில், இதே போக்குக் காணப்பட்டது. இதன்மேல் பூப்புப் பருவத்தின் வேறுபாடும் சேர்கிறது. ஆண்பிள்ளைகள் விரைந்து உயர்வது சராசரியாகப் 14 வயதையொட்டி. ஒருவனுக்கு அது முந்தியும் மற்றொருவனுக்குப் பிந்தியும் வரும். ஆகவே 13 வயதில் தேர்வாளர் காண்பது திறமையையா, முந்திக்கொண்ட பருவத்தையா என்பதை அவராலேயே பிரித்தறிய இயலாது. பிறந்த மாதத்தைத் திறமை என்று பதிந்துவிடுகிறது ஏடு.

அளவைக் கருவிகள் பெருகினால் இக்குறை தீருமோ என்று வினவலாம். உலகிலேயே மிகுந்த பொருட்செலவில் இளைஞரை அளந்து பார்க்கும் ஆட்டம் அமெரிக்கக் காற்பந்து எனலாம். அதில் குவார்ட்டர்பேக் என்பவரே தாக்குதலை நடத்துபவர். எதிரிகள் பாய்ந்து வருகையில், இரண்டு மூன்று நொடிகளுக்குள் யாருக்குப் பந்தை எறிவது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். உயர்நிலைப் பள்ளி மாணவராக இருக்கும்போதே அவருக்குப் பல்கலைக்கழகங்கள் வலை வீசும். விண்மீன் குறியிட்டுத் தரம் பிரிப்பார்கள். தொழில்முறை அணிகளோ உயரத்தையும், உள்ளங்கை அகலத்தையும், நாற்பது கெச ஓட்டத்தையும் அளந்தன. 12 நிமிடத்தில் 50 வினாக்களுக்கு விடை கேட்கும் அறிவுத் தேர்வு ஒன்றையும் பல்லாண்டுக் காலம் நடத்தி, 2022-இல் கைவிட்டன. இத்தனை அளவைகளுக்குப் பின்னும் 2000-ஆம் ஆண்டுத் தேர்வில் டாம் பிரேடி என்னும் இளைஞரின் பெயர் 199-ஆவதாகவே அழைக்கப்பட்டது; அவருக்கு முன் குவார்ட்டர்பேக் அறுவரை அணிகள் தேர்ந்துகொண்டன. அவரே பின்னாளில் ஏழு முறை வாகை சூடினார். அப்போது அவருக்கு வயது 22. வளர்ந்து முடிந்த 22 வயதினரையே இவ்வளவு பிழையாக எடை போட்டவர்கள் அத்துறை வல்லுநர்கள் எனின், வளர்ந்து முடியாத 13 வயதினனைப் பற்றி என்ன சொல்வது?

தோட்டத்துப் பிள்ளைக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு ஜோஷ் ஆலன். கலிபோர்னியாவில் ஃபயர்பா என்னும் சிற்றூரின் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பள்ளியை முடித்தபோது பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அவருக்கு உதவித்தொகையுடன் இடமளிக்க முன்வரவில்லை. ஊருக்கு அண்மையில் இருந்த ஈராண்டுக் கல்லூரியில் சேர்ந்து ஆடி, பயிற்றுநர் பலருக்குத் தாமே மடல் எழுதி, இறுதியில் வயோமிங் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றார். 2018-இல் தொழில்முறை அணி ஒன்று அவரை ஏழாவதாகத் தேர்ந்தது. 2024 பருவத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிட்டியது.

இக்கதைகளை மேடையில் சொல்வோர் வழக்கமாகக் காணும் முடிவு ஒன்றுண்டு: திறமை உண்மையானதாயின் அது பாறையைப் பிளந்தும் வெளிவரும்; ஆகவே தேர்வில் விடுபட்டவன் வருந்த வேண்டியதில்லை. இம்முடிவு ஆறுதலாக இருக்கிறது, ஆயினும் பிழையானது. பாறையைப் பிளந்து வந்த செடியை எல்லாரும் காண்கின்றனர். பாறைக்கடியில் மடிந்த விதைகளை எண்ணியவர் யார்? ஆலனுக்கு அந்த ஈராண்டுக் கல்லூரி இருந்தது. கதவு சாத்தப்பட்டபின் நுழைவதற்கு இன்னொரு கதவு அது. தேயிலைத் தோட்டத்துச் சிறுவனுக்கு அத்தகைய இரண்டாம் கதவு எங்கே இருக்கிறது என்று கேட்காமல் அவன் கதையை இவனுக்குச் சொல்வது கொடுமை.

இன்னும் ஒன்று உண்டு. மழை வரும் என்று வானிலை அறிவிப்பாளர் சொல்வதால் மழை வருவதில்லை. தேர்வாளரின் கணிப்போ அவ்வாறன்று. ‘இவன் தேறுவான்’ என்று அவர் எழுதியவுடன் அச்சிறுவனுக்கு நல்ல உணவும், நல்ல காலணியும், நாள்தோறும் பயிற்சியும், தன்மேல் நம்பிக்கையும் கிடைக்கின்றன. ஐந்தாண்டுகளில் அவன் தேறிவிடுகிறான். ‘தேறமாட்டான்’ என்று எழுதப்பட்டவனுக்கு இவை எதுவும் கிடைப்பதில்லை. அவனும் எழுதியபடியே ஆகிவிடுகிறான். இரு கணிப்புகளும் மெய்யாகிவிட்டன என்று தேர்வாளர் மகிழலாம். ஆனால் அவர் முன்னறிந்து சொன்னாரா, சொல்லி உண்டாக்கினாரா? தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் திடலில் தடுமாறும்போது பிழை ஊரறிய வெளிப்படும். தவறாக விலக்கப்பட்டவனின் பிழை ஒருநாளும் வெளிப்படாது. அவன் எங்கோ ஒரு நகரத்துப் பண்டகசாலையில் பெட்டி சுமந்துகொண்டிருப்பான். தன்னைத் திருத்திக்கொள்ள வாய்ப்பே இல்லாத தீர்ப்பு இது. இந்நாட்டின் நீதிமன்றத் தீர்ப்புக்கும் மேல்முறையீடு உண்டு.

இங்ஙனமாயின் எவரையும் தேர்ந்தெடுக்காதிருப்பதே அறம் என்று கொள்ளலாகுமா? ஆகாது. தேர்ந்தெடுக்க மறுப்பவர் அறத்தைக் காப்பதில்லை. இடங்களைப் பணத்துக்கும் பரிந்துரைக்கும் விட்டுவிடுகிறார். வள்ளுவர் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என ஆள் தேர்வுக்கு அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை ஒதுக்கியிருப்பது ஆசிரியர்கள் அறிந்ததே. ஆராயாமல் தெளிவதையும், தெளிந்தபின் ஐயுறுவதையும் ஒருங்கே அவர் கண்டிக்கிறார். ஆனால் அவ்வதிகாரங்கள் வினையை ஏற்க வரும் முதிர்ந்தோரைக் குறித்தவை. குணமும் குற்றமும் நாடி மிகை கொள்வதற்கு, அவை ஏற்கெனவே உருப்பெற்றிருக்க வேண்டும். சிறுவனிடம் நாடத்தக்கவை பாதி பிறவாதவை. எனவே வளர்ந்தோருக்கு உரிய தெளிவைச் சிறுவனிடத்தில் எதிர்பார்ப்பது அளவுகோலை இடம் மாற்றி வைப்பதாகும். சிறுவனைப் பொறுத்தவரை, தேர்ந்தபின்னும் ஐயுறுவதே நலம். விலக்கியபின்னும் ஐயுறுவது அதனினும் நலம்.

தேர்ந்தெடுக்கப்பட்டவனையும் மறந்துவிடலாகாது. 13 வயதில் வீட்டைப் பிரிந்து விடுதிக்குச் செல்பவன், 17 வயதில் ‘இனி நீ வேண்டாம்’ எனத் திருப்பி அனுப்பப்படலாம். அப்போது அவன் கையில் என்ன இருக்கும்? 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற மு. ஜெகதீசன் மருத்துவருமானார். அவரைப் போல் ஓட்டத்தையும் கல்வியையும் ஒருசேரச் சுமக்கப் பலரால் இயலாது என்பது மெய்தான். ஆயினும் கல்வியை ஈடாக வைத்து ஒரு பிள்ளையின் கால்களைக் கடன் வாங்க எந்த அமைப்புக்கும் உரிமை இல்லை. அச்சிறுவன் உண்மையில் போக விரும்புகிறானா, தந்தையின் விருப்பத்தைத் தன் விருப்பமாகச் சொல்கிறானா என்றும் ஒருவர் தனியே அமர்ந்து கேட்டாக வேண்டும். பெரும்பாலும் அதைக் கேட்கக்கூடியவர் அவனுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரே.

முன்னே கண்ட சிறுவனுக்காக அவர் ஒரு பரிந்துரை மடல் எழுத வேண்டும். ‘இவன் நாட்டின் நட்சத்திரமாவான்’ என்று எழுதினால் அவர் அறியாததை எழுதுகிறார். அதனால் இன்னொரு பிள்ளையின் இடமும் பறிபோகலாம். அடக்கமாக எழுதினால், மிகைப்படுத்தும் மடல்களிடையே அம்மடல் மங்கிப்போகும். அவருக்கு எஞ்சுவது சாட்சி கூறுதல். வருவதுரைத்தல் வேறு, கண்டதுரைத்தல் வேறு. இவன் நவம்பரில் பிறந்தவன். இன்னும் வளர்ச்சி தொடங்காதவன். சாய்ந்த சிறு திடலில் ஆடிப் பழகியவன். முழு அளவுத் திடலை அன்றுதான் முதன்முறை மிதித்தான். ஈராண்டுகளில் பயிற்சிக்கு வராத நாள்கள் சில. அவை மழை நாள்கள். தோற்ற ஆட்டங்களிலும் பந்தை மறைத்துக்கொள்ளாமல் தோழருக்குக் கொடுத்தான். மெதுவாக ஓடுகிறான்; தலையால் முட்டி ஆட அஞ்சுகிறான். இவ்வளவும் எழுதி, இவ்வாண்டு இடமில்லையெனில் இச்சிறுவனை அவனது 15-ஆம் வயதில் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றும், அதுவரை அவன் இத்தோட்டத்துத் திடலில் நாள்தோறும் மாலையில் ஆடிக்கொண்டிருப்பான் என்றும் முடித்து, தேதியிட்டு, படி ஒன்றைப் பள்ளிக் கோப்பில் சேர்க்கலாம்.